நாட் ரிப்பீட் நாட்

எண்பதுகளில் விசாகப்பட்டினத்தில் நான் கடற்படை ரைட்டர். சிக்னல், அதாவது கடற்படைத் தகவல், தட்டச்சு அடிப்பதுதான் பிழைப்பு. எல்லாம் பெரிய எழுத்து. டெலிபிரின்டருக்குச் சின்ன எழுத்தே தெரியாது. முற்றுப்புள்ளி வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள் ஒரு புள்ளி. ஆங்கில 'நாட்' வழியில் தொலைந்தால் 'புறப்படாதே' என்பது 'புறப்படு' ஆகிவிடுமே, அதனால் 'நாட் ரிப்பீட் நாட்' என்று இரண்டு முறை.

எழுதுபவர் லெப்டினன்ட். திருத்துபவர் கமாண்டர். திருத்தியதை முதலில் இருந்தபடியே மாற்றுபவர் கேப்டன். ஒவ்வொரு சுற்றுக்கும் கார்பன் வைத்துப் புதிதாக அடிக்க வேண்டும். ரிலீஸ் பண்ணும் அதிகாரியின் கையெழுத்து இல்லாமல் தகவல் மையத்தின் ஜன்னலில் வாங்கமாட்டார்கள். அவர் சாப்பிடப் போயிருந்தால் 'இம்மீடியட்' சிக்னலும் மோர்சாதம் முடியும்வரை காத்திருக்கும்.

அந்த 'இம்மீடியட்' ஒரு தனிக் கூத்து. ரொட்டீன், பிரயாரிட்டி, இம்மீடியட், ஃபிளாஷ் என்று நாலு படி. ரொட்டீன் போட்டால் எவரும் சீந்தமாட்டார்கள் என்று எல்லாரும் ஒரு படி ஏற்றினார்கள். நாற்காலி கேட்டுப் போன சிக்னல்கூட இம்மீடியட். ஃபிளாஷை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்கு நிஜமாகவே எதிரி வந்தாக வேண்டும்.

வார்த்தையைக் கூட்டாதே என்பதற்கு எங்கள் கமாண்டர் ஒரு கதை வைத்திருந்தார். 1944 அக்டோபர் 25, லெய்ட்டி வளைகுடாப் போர். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ், கடலில் இருந்த அட்மிரல் ஹால்சியிடம் கேட்க நினைத்தது ஒன்றுதான்: 34-ஆம் படைப்பிரிவு எங்கே? அடித்தவர் அழுத்தமாக இருக்கட்டும் என்று 'எங்கே, ரிப்பீட், எங்கே' ஆக்கினார். சங்கேதப் பிரிவு, எதிரியைக் குழப்பும் வெற்று ஒட்டாக, 'உலகம் வியக்கிறது' என்று வாலில் சேர்த்தது. பெறும் கப்பலில் அதை வெட்டாமல் நீட்டிவிட்டார்கள். நிமிட்ஸ் தன்னை ஏளனம் செய்கிறார் என்று நினைத்த ஹால்சி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். கதையைச் சொல்லி முடித்ததும் கமாண்டர் என் தாளை வாங்கி இரண்டு வரி சேர்ப்பார்.

இப்போது அதே விசாகப்பட்டினத்தில் கடற்படையில் வேலை பார்க்கும் என் அக்கா மகனைக் கேட்டேன். கார்பன் கிடையாது மாமா, எல்லாம் கணினி என்றான். திருத்தம்? "ஆளுக்கு ஒரு நிறம்." அடிக்கும் கை வலிக்காததால் பக்கமும் குறைவதில்லை. அமெரிக்கக் கடற்படை 2013-இல் சிக்னலில் சின்ன எழுத்தை அனுமதித்தது. பெரிய எழுத்தில் கத்துவது நின்றதே தவிர பேச்சு சுருங்கியதாகக் கேள்விப்படவில்லை. 2019 டிசம்பரில் நம் கடற்படை, தளங்களிலும் கப்பல்களிலும் ஸ்மார்ட்போனைத் தடை செய்ததால் வாட்ஸ்அப்பில் குறுக்குவழி பார்க்கவும் முடியாமல் போனது.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் கண் இமைப்பதற்குள் போய்விடுமாம். போன உடனே மேஜைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், சிக்னல் வந்துச்சா?" என்று கேட்க வேண்டுமாம். நாங்களும் கேட்டோம். எங்களுக்கு டிரங்க் கால் கிடைப்பதற்குள் பதில் சிக்னலே வந்துவிடும்.