பித்தத்துக்கு இஞ்சி

அக்கா மகள் துலூஸுக்குப் படிக்கப் போனாள். பிரெஞ்சு படிப்பது நான். அவளுக்கு அங்கே வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில். லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே, பெக்கோக்கில் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் கைப்பேசியில் தினப் பாடம். மகள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் தன் கவலையை நேரில் சொல்லியாக வேண்டுமாம் அக்காவுக்கு. மகளைச் சொல்லச் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவாளாம்.

பேசிப் பழக இங்கே ஆள் கிடையாது. சிலாய் வழியாக எண்டாவ்-ரொம்பின் காட்டுக்குப் போகிற பிரெஞ்சுக்காரர் யாராவது கோப்பிக் கடையில் உட்கார்ந்தால்தான் உண்டு. ஆகவே வணக்கம், விலை விசாரிப்பு எல்லாவற்றையும் தாண்டி நேரே கவலைப் பாடத்துக்குப் போனேன். ஆண் கவலைப்பட்டால் 'ஆங்க்கியே'. பெண் என்றால் 'ஆங்க்கியெத்', கடைசியில் ஒரு 'த்' கூடுதல். அக்காவுக்கு ஒரு 'த்' போதாது.

கவலைப்படுவதைப் 'பித்தம் உண்டாக்கிக்கொள்வது' என்றும் சொல்வார்களாம். வாசித்துக் காட்டினேன்.

"பித்தமா? வெறும் வயித்துல இஞ்சிச் சாறும் தேனும் குடிக்கச் சொல்லு."

கவலை முற்றினால் ரத்தமே மையாகிவிடும் என்றேன்.

"அப்ப டாக்டர்கிட்டத்தான் போவணும்."

முன்பு இந்தப் பாடம் எதிர்த்திசையில் நடந்தது. 1905-ல் மலாயாவுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொனியே தோட்டத் தொழிலோடு மலாயும் தமிழும் கற்றார். பிற்பாடு 'மலேசி' என்று நாவல் எழுதி, 1930-ல் கோன்கூர் பரிசும் வாங்கினார். அவர் கவலை வாக்கியங்களில் தொடங்கியிருக்க மாட்டார். தோட்டத்தில் கவலையெல்லாம் லயத்துப் பக்கம்தானே இருந்தது.

ஞாயிறு இரவு ஒன்பது மணி, அங்கே மத்தியானம். வீட்டுக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையில் வந்தார். ஈரத் தலையோடு படுக்க விடாதீங்க, ராத்திரியில் தயிர் வேணாம் என்று அக்கா அடுக்கினாள். நான் அவளைக் காட்டி, 'எலெ தாங்க்கியெத்' என்றேன். மிச்சத்தை அவள் முகமே சொல்லிவிட்டது.

"ந வூஸாங்க்கியெத்தே பா, மதாம்" என்றார் அவர்.

"பாத்தியா, 'பா' போட்டுச் சொந்தக்காரங்க மாதிரி பேசுறாங்க!"

கவலை வேண்டாம் என்பதில் 'வேண்டாம்' அந்தப் 'பா'தான். அதைச் சொல்லி உறவைக் கெடுப்பானேன்? மகளோ கொச்சையில் 'தாங்க்கியெத்' என்று முடித்துவிடுகிறாள். அதில் 'பா' போய்விடுகிறது. எழுத்துப்படி பார்த்தால் 'கவலைப்படு' என்று அர்த்தம். அக்கா அட்சரம் பிசகாமல் கீழ்ப்படிகிறாள்.

இத்தனைக்கும் 2023 மார்ச்சில் சிகாமட் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோது, அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றி, மூட்டைமேல் தொலைக்காட்சியை ஏற்றிவிட்டு, வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி தேத்தண்ணி கலக்கியவள். சீனி போதுமா என்று என்னைக் கேட்டாள்.

அதற்கப்புறம் ஒரு டிசம்பர் மழையில் அந்த அம்மாவே கூப்பிட்டார். ஜொகூர் வெள்ளத்தை எங்கோ படத்தில் பார்த்துவிட்டாராம். 'ஜ மாங்க்கியெத்' என்று நெஞ்சில் கை வைத்தார். தண்ணீர் எதுவரை என்று சைகையில் கேட்டார்.

"முழங்காலுக்குப் பிரெஞ்சுல என்னடா?"

"அந்தப் பாடம் இன்னும் வரலக்கா."

"அப்ப கணுக்கால்னு காட்டிடு" என்றாள் அக்கா, கைப்பேசியை இடுப்புக்குக் கீழே இறங்கவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.