வேகம் மட்டும் போதுமா?

கார்களின் வேகம் கூடக் கூட ரேஸும் விறுவிறுப்பாகும்தானே?
– வாசகர், வெண்ணந்தூர்

முந்த முடியாத வேகம் யாருக்கு வேண்டும்?

2024 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா 1 பந்தயம். 78 சுற்று. புறப்படும்போது முதல் பத்து இடங்களில் நின்றவர்கள் அதே வரிசையில்தான் வந்து சேர்ந்தார்கள். ரேஷன் கடை கியூகூட அத்தனை ஒழுங்காக நகராது!

தெரு குறுகல், கார் பெரிது. போதாததற்குக் காற்று வேறு. வளைவில் காரைத் தரையோடு அழுத்திப் பிடிப்பது அதன் இறக்கைகள்மேல் பாயும் காற்றுதான். முன்னால் போகிற கார் அதைக் கலைத்துவிட்டால், ஒட்டிப் பின்னால் வருகிற காருக்குப் பிடி தளரும். டயர் சூடேறி வழுக்கும். இதைச் சரிசெய்யத்தான் 2022இல் கார்களின் வடிவத்தையே மாற்றினார்கள். அப்படியும் மொனாக்கோவில் முந்த முடியவில்லை!

வேகம் குறைந்த காரிலும் பந்தயம் சூடுபிடிக்கும் என்பதற்கு நம்மூரிலேயே உதாரணம் உண்டு. கோவைக்காரர் கரிவரதன் வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்களில் இருந்தது சாதாரண மாருதி 800 எஞ்சின். குடும்பத்தோடு கோயிலுக்குப் போகிற அதே 796 சிசி! எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் வித்தியாசம் காட்ட வேண்டியது ஓட்டுகிறவர்தான். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியது அந்தக் காரில். 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 வீரரானார்.

சென்னைப் பக்கம் போனால் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பந்தயம் பாருங்கள். மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விடுங்கள். வளைவில் இரண்டு கார்களுக்கு நடுவே எத்தனை அடி இடைவெளி என்று கவனியுங்கள்.