முதலில் பந்தி

கேள்வி: பள்ளிக்கு நல்ல ஆசிரியர்கள் போதாதா? பொது உணவுக்கூடம் எதற்கு?

பதில்: பாடத்தை மனத்தில் ஏற்றுபவர் ஆசிரியர், பிள்ளைகளை ஒருவரோடொருவர் சேர்ப்பது பந்தி. சேரன்மாதேவி குருகுலத்தை நடத்தியவர் வ.வே.சு. ஐயர். அறிவுக்கோ நாட்டுப்பற்றுக்கோ அங்கே என்ன குறை? பிராமண மாணவர் இருவருக்குத் தனியே சோறு போட்டதுதான் குறை. 1920களில் அது தமிழகக் காங்கிரசையே உலுக்கியது. பிரித்துப்போட்ட இலையை எந்த மேதையின் பாடமும் ஈடுகட்டாது. மாறாக, காமராசர் காலத்து மதிய உணவுக்கு ஊரார் அரிசியும் காய்கறியும் தந்தார்கள்; கொடுத்த கைக்குப் பள்ளிமேல் உரிமையும் அக்கறையும் வந்தன.

கூடம் கட்டினால் சாதி போய்விடுமா என்பீர்கள். தானாகப் போகாது. பட்டியல் சாதிப் பெண் சமைத்ததை உண்ணவிடாத பெற்றோர் இன்றும் உண்டு. ஆனால் பொது அடுப்பு இருப்பதால்தான் அந்த அநியாயம் வெளியே தெரிகிறது, தட்டிக்கேட்கவும் முடிகிறது. 2023இல் கரூர் மாவட்டத்தில் அப்படி மறுத்தபோது ஆட்சியரே பள்ளிக்குப் போய் அந்த உணவைச் சாப்பிட்டார். தத்தம் வீட்டு டப்பாவோடு மூலைக்கொருவராகப் பிள்ளைகள் உட்காரும் பள்ளியில் அவர் எங்கே போய் உட்கார்ந்திருப்பார்?