நிஜாமின் யானையும் கார்பன் கட்டையும்

1767 செப்டம்பர் 25, 26 தேதிகளில் திருவண்ணாமலையில் ஒரு பெரிய சண்டை நடந்தது. கிரிவலம் போகிற லட்சக்கணக்கான பேரில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்காதீர்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் ஜோசப் ஸ்மித். எதிரில் மைசூர் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்த மெகா கூட்டணி. நம்மூர்க் கூட்டணிகளைப் போலவே, எதிரியை நம்பிய அளவுகூட இவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை!

இன்றைக்குத் துப்பாக்கிப் பிரியர்கள் ரெண்டு பேர் சந்தித்தால் போதும். ரைஃபிளின் கட்டை (ஸ்டாக் என்பார்கள்) கார்பன் ஃபைபரில் இருக்கணுமா, ஃபைபர்கிளாஸில் இருக்கணுமா, எது அதிக விறைப்பு என்று விடிய விடியச் சண்டை. ஸ்மித்தின் சிப்பாயிடம் இதைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டையாலேயே ஒன்று போட்டிருப்பான்.

அவன் கையில் இருந்தது கிட்டத்தட்ட அஞ்சடி நீள மஸ்கட் துப்பாக்கி. கட்டை, வால்நட் மரம். குறி பார்க்கப் பின்பக்கம் எதுவுமே கிடையாது. முன்னால் துருத்திக்கொண்டிருந்த சின்னக் குமிழ்கூட முக்கியமாகப் பயனெட்டை மாட்டுவதற்கு. நூறு கஜத்துக்கு அப்பால் குறிப்பிட்ட ஒரு ஆளைச் சுட நினைத்தால், பக்கத்து ஆள்தான் கவலைப்படணும்.

மழைக்காலத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சும், உப்பும், வளையும், குழாயை நெருக்கும். குண்டு போகிற இடம் மாறும். ஸ்மித்துக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? வரிசையாக நிறுத்தி எல்லாரையும் ஒன்றாகச் சுடச் சொன்னால் முடிந்தது. எங்கே போகும் என்று ஏற்கெனவே தெரியாத குண்டு, இடம் மாறிப் போனால்தான் என்ன!

சண்டைக்கு வருவோம். நடுவில் சதுப்பு நிலம். அதைச் சுற்றிப் போகலாம் என்று ஸ்மித் படையைத் திருப்ப, ‘ஆஹா, ஓடறான்!’ என்று கூட்டணி கிளம்பிவிட்டது. கடைசியில் ஓடியது கூட்டணி. அறுபதுக்கும் மேற்பட்ட பீரங்கிகளை விட்டுவிட்டு.

வெற்றி நிச்சயம், பெண்கள் அதை நேரில் ரசிக்கட்டும் என்று நிஜாம் தன் அந்தப்புரத்தையே யானைகளில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார். ஃபேமிலி டிரிப்! ‘யானைகளைப் பின்னால் திருப்புங்கள்’ என்று உத்தரவு வந்தபோது, மூடின அம்பாரிக்குள்ளிருந்து ஒரு அம்மணியின் குரல், இந்த யானைக்கு அப்படித் திரும்பிப் பழக்கமில்லை, அது கொடியின் பின்னால்தான் போகும் என்றதாம். பக்கத்தில் குண்டு விழுந்துகொண்டிருக்க, கொடி கடந்துபோகும் வரைக்கும் அந்த யானை நகரவில்லை என்கிறது கதை. கொடிக்கு முன்னால் நிஜாம் போய்விட்டார் என்பதை யாரும் யானையிடம் சொல்லவில்லை போல.

கட்டை வளைகிறதே என்று மனிதன் நிஜமாகவே கவலைப்பட்டது ரொம்பப் பின்னால், வியட்நாமில். 1966-ல் அமெரிக்க மெரீன்கள் எம்40 என்கிற ஸ்னைப்பர் ரைஃபிளை அழகான வால்நட் கட்டையோடு கொண்டுபோனார்கள். காட்டு ஈரத்தில் கட்டை தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொண்டது. எழுபதுகளில் வந்த எம்40ஏ1-க்கு மெக்மில்லன் கம்பெனியின் ஃபைபர்கிளாஸ் கட்டை. மரத்தின் திமிர் அடங்கியது.

அந்தக் கண்ணாடி நாரின் பூர்வீகத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். 1893 சிகாகோ கண்காட்சியில், விவேகானந்தர் பேசிய அதே விழாவில், கண்ணாடி நாரும் பட்டும் கலந்த ஒரு கவுனை வைத்தார்கள். ஜார்ஜியா கேவன் என்ற நடிகை அதற்கு ஆசைப்பட்டு வாங்கினார். மடித்தால் உடையும் கவுன். போட்டுக்கொண்டு எங்கே உட்காருவது!

கார்பன் ஃபைபர் மட்டும் யோக்கியமா? ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 விமான இன்ஜினுக்குக் கார்பன் ஃபைபர் விசிறி இதழ்கள் போட்டு உலகத்தை அசத்தப் பார்த்தது. பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தார்கள். தாங்கவில்லை. டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள், செலவு எகிறியது, 1971 பிப்ரவரியில் கம்பெனியே திவால். அத்தனை பெரிய கம்பெனியின் ஆகாயக் கனவைப் பரீட்சையில் ஃபெயிலாக்கியது ஒரு செத்த பறவை.

சரி, எதுதான் விறைப்பு? நாரை மட்டும் எடுத்தால் கார்பனுக்குச் சுமார் 230 கிகாபாஸ்கல், கண்ணாடிக்கு 70 சொச்சம். மூணு மடங்கு! கார்பன் கட்சி இங்கே விசில் அடிக்கலாம். ஆனால் பள்ளிக்கூட ஸ்கேலைப் படுக்கவைத்து வளைத்துப் பாருங்கள், வளையும். செங்குத்தாக நிறுத்தி வளையுங்கள், அசையாது. வளைகிற திசையில் தடிமன் ரெட்டிப்பானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால், மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால், ஒன்றரை மடங்கு தடிமனுள்ள ஃபைபர்கிளாஸ் கட்டை கார்பனுக்குச் சமமாக மார்தட்டும். எடைதான் கிட்டத்தட்ட ரெட்டிப்பு.

போதாததற்கு, நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்று வேறு இருக்கிறது. நீளவாக்கில் ஓடினால்தான் கார்பன் கார்பனாக வேலை செய்யும். குறுக்கே வளைத்தால் நடுவிலிருக்கும் பிசின்தான் பதில் சொல்லணும், அது பரம சாது. மேலே பளபளவென்று ஒரே ஒரு சுற்றுக் கார்பன் துணி சுற்றிக் காசு பார்க்கிறவர்களும் உண்டு. அப்புறம் நியூட்டனின் எதிர்வினை விதி. கார்பனால் எடை குறைந்த ரைஃபிள் தோளில் உதைக்கிற உதையில் வாங்கினவருக்குத் தத்துவம் பிறக்கும்.

இவ்வளவும் படித்து வீராவேசமாக ஒரு ரைஃபிள் வாங்கக் கிளம்பினால், திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர் போக வேண்டிய இடம் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸ் அங்கேதான். 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேட்கணும். எதற்குத் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்பா, தற்காப்பா என்பார்கள். கட்டையின் விறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள்.

கிடைத்தாலும், .303 மாதிரி ராணுவத் தோட்டா நமக்குக் கிடையாது. அரசுத் தொழிற்சாலையின் .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள்தான் வழக்கமாகக் கைக்கு வரும். கட்டை? அசல் மரம்! தேர்தல் தேதி அறிவித்ததும் பெரும்பாலும் அதையும் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். தேர்தல் முடிந்து திரும்பி வரும்போது அது வளைந்திருந்தால், எந்தக் கட்சிப் பக்கம் என்று மட்டும் பாருங்கள்.