அத்தானின் தவம்

அத்தான், குடும்பஸ்தனுக்குச் சாமி கும்பிட நேரம் எங்கே என்று ஊரே புலம்புகிறது. நீங்கள் ஒருநாளும் புலம்பியதில்லை. பிரம்ம முகூர்த்தத்தில் ஒரு மணி நேரத் தியானம். பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம், அதுவும் வெறுங்காலோடு. கார்த்திகை பிறந்தால் 41 நாள் மாலை. பெரியவளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குக் கிடைக்காத அரைநாள் லீவு, மாதம் இரண்டு பிரதோஷத்துக்கும் உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. ஈசன் அருள்தான்.

உங்கள் மன ஒருமையை என்னென்பேன்! நீங்கள் கண்மூடி உட்கார்ந்திருக்கையில் அடுப்படியில் குக்கர் நாலு விசில் விடுகிறது. சின்னவன் ஒரு கால் சாக்ஸைக் காணோம் என்று அழுகிறான். பாத்ரூம் போகக் கைத்தாங்கல் கேட்டு அத்தை கூப்பிடுகிறார். உங்களுக்கு இமைகூட அசைவதில்லை. முனிவர்களுக்குக் காடு வேண்டியிருந்தது. உங்களுக்கு ஹாலே போதும்.

புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு, தொடுத்த பூ, சுடச்சுட நைவேத்தியம் எல்லாம் நீங்கள் மணையில் உட்காருமுன் வந்து நிற்கின்றன. மாலை போட்டிருக்கும் நாட்களில் தனிப் பாத்திரம், தனிச் சமையல். யார் செய்தது என்று ஒருநாளும் கேட்காத பற்றின்மை உங்களுடையது. பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கடமையைச் செய்யாமலே பலனைப் பெறுகிற யோகத்தை உங்களிடம்தான் கண்டேன்.

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் கொடுத்திருந்தார்கள்; ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ஐயும் நீங்கள் சாமிக்கே கொடுத்துவிட்டீர்கள். இந்தத் தியாகம் யாருக்கு வரும்!

அக்காவுக்கும் பக்தி உண்டு, அத்தான். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசத்தைப் போனில் போட்டுவிட்டுத்தான் பீன்ஸ் நறுக்க உட்காருவாள். பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதை முழுதாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. கிரிவலப் பாதையில் அவள் காலே பட்டதில்லை.

வரும் பௌர்ணமிக்கு அவளை அனுப்பிவையுங்கள். அத்தைக்கு ராத்திரி மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, 8 மணிக்கு. இட்லிக்கு ஊறப்போட்டிருப்பாள், அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். அன்று ஒருநாள் வீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அத்தான்.