பந்தைப் பார்க்காமல் அடிப்பது எப்படி?

அஸர் தொழுகை முடிந்து மைதானத்துக்குப் போனால் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நமக்கு ஆட்டம். அதற்குள் நூறு தடவையாவது ஒரு வசனம் காதில் விழும்: “பந்தைப் பாருடா!” சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு நிற்கும் காக்காமார் சொல்வார்கள். மாட்டைத் தேடி வந்தவர் சொல்வார். வாழ்நாளில் பெட்டைத் தொட்டிராத பல்சரக்குக் கடை மாமாவும் சொல்வார். நீங்களும் பார்க்கத்தான் செய்கிறீர்கள். பார்த்துக்கொண்டு நிற்கும்போதே நடு விக்கட் சாய்கிறது.

ஆகவே பிழை கண்ணில்தான் என்று முடிவெடுத்தவர்களுக்கு இந்த வழிகாட்டி. மென்பந்துச் சுற்றுப்போட்டியில் வரிசையாக மூன்று தடவை பூச்சியத்தில் ஆட்டமிழந்து, பெட்டை மாற்றி, ஜேர்சி இலக்கத்தை மாற்றி, துடுப்பாட்ட வரிசையில் கடைசிக்கும் இறங்கிப் பார்த்து, இனி மாற்றுவதற்குக் கண் மட்டும்தான் மிச்சம் என்ற கட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். எழுதுகிறவனும் அந்தக் கூட்டம்தான்.

முதலில் கைபேசியை எடுங்கள். கண்ணைக் கூர்மையாக்கும் செயலிகள் எத்தனையோ கிடைக்கின்றன. சாம்பல் நிறத் திரையில் மங்கலான புள்ளிகள் தோன்றும், தொட்டால் மறையும். இருபத்தொரு நாள் தொட்டேன். இருபத்திரண்டாம் நாள் புள்ளிகளை மிக நன்றாகத் தொட வந்தது. இதே மாதிரியான ஒரு செயலி அமெரிக்காவில் பல்கலைக்கழக பேஸ்போல் வீரர்களை வைத்துப் பெயர் வாங்கியது. விளம்பரத்தில் சொன்ன அளவுக்கு ஆதாரம் போதாது என்று 2015 இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு அதன் நிறுவனத்தைப் பிடித்தது. 1,50,000 டொலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்கள். என்னிடம் அவ்வளவு பெரிய தொகை போகவில்லை. டேட்டாக் காசு மட்டும்தான்.

செயலி வேண்டாம் என்பவர்களுக்கு நூல் இருக்கிறது. ஒரு நூலில் மூன்று நிறப் பாசிமணிகளைக் கோர்த்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மணியாகப் பார்த்து வரவேண்டும். கண் வைத்தியர்கள் இரு கண்ணையும் சேர்ந்து இயங்கப் பழக்குவதற்காகக் கொடுக்கும் உண்மையான பயிற்சிதான் இது. அதற்குரிய குறை இருந்தால் பலன் உண்டு. எனக்கு இருந்த குறை, பயிற்சி நடுவில் உம்மா அறைக்குள் வந்தது. “மூக்குல நூலக் கட்டிக்கிட்டு என்ன மகன் செய்றாய்?” என்று கேட்டார். கிரிக்கட்டுக்கு என்றேன். அன்று இரவே என்னை ஓதிப் பார்க்க ஆளுக்குச் சொல்லி அனுப்பினார்.

அவுஸ்திரேலியாவில் அபர்னதியும் வூட்டும் இப்படியான பொதுக் கண்பயிற்சிகளை ஒழுங்காகச் சோதித்தார்கள். ஆட்டக்காரர்களில் சிலருக்குச் சில வாரம் கண்பயிற்சி. வேறு சிலருக்கு டெனிஸ் பற்றி வாசிப்பதும் தொலைக்காட்சியில் டெனிஸ் பார்ப்பதும்தான் வேலை. 2001 இல் வெளியான முடிவு: கண்ணைப் பயிற்றியவர்கள் மற்றவர்களைவிட எந்த வகையிலும் முந்தவில்லை. இந்தத் தகவலைத் தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு மெட்ச் ஓடும்போது வீட்டில் யாராவது டீவியை நிறுத்த வந்தால் நீட்டலாம்.

அடுத்து, நல்ல கண்ணில் உள்ள நம்பிக்கையைக் கைவிடுங்கள். சராசரி 99.94 வைத்திருந்த டொன் பிரட்மனை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவத்தில் கண் சோதித்தபோது பார்வை மட்டம் என்று கண்டார்கள். சிறுவனாக இருக்கையில் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியின் அடிச்சுவரில் கொல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு விக்கட் குச்சியால் அடித்துப் பழகியவர் அவர். பட்டோடி நவாப் இன்னும் மேலே. 1961 இல் கார் விபத்தொன்றில் வலக் கண்ணின் பார்வை போனது. அதே வருடக் கடைசியில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடினார். மறுவருடம் 21 வயதில் அணித்தலைவர். விபத்துக்குப் பிறகு ஆட இறங்கியபோது அவருக்கு இரண்டு பந்து தெரிந்ததாம். உள்பக்கம் இருந்ததை அடித்தாராம். இதை வாசித்த சூட்டோடு தொப்பியை வலக் கண்ணின் மேல் இறக்கிக்கொண்டு நானும் களம் இறங்கினேன். எனக்கு ஒரு பந்துகூடத் தெரியவில்லை. மென்பந்து என்றபடியால் பல் தப்பியது.

இப்போது முக்கியமான பாடம். பந்தைப் பார்க்காதீர்கள்.

பகிடி இல்லை. மைக்கல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் துடுப்பாட்டக்காரர்களின் தலையில் சிறு கமராவைப் பொருத்தி, இயந்திரத்தால் மணிக்கு 90 கிலோமீற்றர் வேகத்தில் பந்து வீச வைத்து, கண் எங்கெங்கே போகிறது என்று படம் பிடித்தார்கள். 2000 ஆம் ஆண்டு அது வெளியானது. பந்து புறப்படுவதைக் கண் பார்க்கிறது. கொஞ்ச நேரம்தான். பிறகு பந்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, அது குத்தப்போகும் இடத்துக்கு ஒரே தாவலாகத் தாவி அங்கே காத்திருக்கிறது. பந்து வந்து குத்தி எழும்பியதும் மறுகா ஒரு செக்கனில் ஐந்திலொரு பங்கு வரைதான் அதன் பின்னால் போகிறது. கெட்டிக்காரனுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தாவலில் இருக்கிறது: அவன் கண் முந்திப் போய்விடும், நம்முடையது பிந்திப் போகும். காரணம் எளிது. மணிக்கு 140 கிலோமீற்றரில் வரும் பந்து அரைச் செக்கனுக்குள் உங்களிடம் வந்துவிடும். கண்டதற்குக் கை அசைவதற்கே கால் செக்கனுக்குக் கிட்டப் போய்விடுகிறது. பந்தின் கூடவே கண்ணை இழுத்துக்கொண்டு வந்தால் கடைசி இரண்டு மூன்று யாரில் எந்த மனிதக் கண்ணும் தோற்கும். 2013 இல் வந்த இன்னொரு ஆய்வு உலகத்தரத் துடுப்பாட்டக்காரர்களைப் பார்த்தது. அவர்களுடைய தலை பந்தோடு சேர்ந்து திரும்புகிறது. கண்ணோ பந்துக்கு முன்னாலேயே பெட்டில் படும் இடத்துக்குப் போய்விடுகிறது.

ஆக, வேலியோரக் காக்காமார் இத்தனை வருடமாகச் சொன்னது நடக்காத காரியம். அவர்களிடம் இதை விளக்கப் போகவேண்டாம். நான் போனேன். “அப்ப கண்ண மூடிக்கிட்டு ஆடு” என்றார்கள்.

குத்தும் இடத்தை முந்தி அறிவதற்கு வீசுகிறவனின் மணிக்கட்டும் தோளும்தான் தகவல் தரும். அதைப் பழக வீசுகிற ஆட்கள் வேண்டும். பல விதமாக, பல நாள். இங்கே ஒரு தடங்கல் இருக்கிறது: நடுவர். லசித் மலிங்க ரத்கமவில் மென்பந்தோடு வளர்ந்தவர். கையை மேலே கொண்டுபோகாமல் பக்கவாட்டில் சுழற்றி விடுவார். பந்து புறப்படும் இடத்துக்குப் பின்னால் ஆகாயமும் இருக்காது, வெள்ளைத் திரையும் இருக்காது. நடுவரின் உடுப்புத்தான் இருக்கும். 2007 மார்ச் 28 அன்று கயானாவில் தென்னாபிரிக்காவின் நாலு பேரை அடுத்தடுத்த நாலு பந்தில் அனுப்பினார். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மலிங்க மாதிரித்தான் வீசுகிறார்கள், விக்கட் எடுப்பதைத் தவிர. எனவே டொஸ் போடும் முன் நடுவரின் சாரத்தைக் கவனியுங்கள். மென்பந்து மஞ்சள் பச்சை. சாரம் கடும் நிறமாக இருந்தால் பந்து பளிச்சென்று தெரியும். நடுவர் பெரும்பாலும் துடுப்பெடுக்க இடம் கிடைக்காத உங்கள் மச்சானாகத்தான் இருப்பார். வீட்டுக்கு அனுப்பி மாற்றி வரச் சொல்லலாம்.

ஓரப்பார்வைக்கு ஒருகாலத்தில் நமக்கு இலவசப் பயிற்சி இருந்தது. பழைய இரும்புப் பாலம். ரயிலும் பஸ்ஸும் லொறியும் அந்த ஒரே ஒடுக்கத்துக்குள்தான். சைக்கிளில் போகிறவன் எதிரே பஸ் ஏறிவிட்டதா, பின்னால் ரயில் வருகிறதா, முன்னால் போகிறவரின் மீன் பெட்டி எந்தப் பக்கம் சரிகிறது என்பதையெல்லாம் தலையைத் திருப்பாமல் பார்த்தாக வேண்டும். அந்தத் தலைமுறையில் பொயின்ற்றில் நின்றவர்கள் பிடி தவறவிட்டதாக நான் கேள்விப்படவில்லை. அந்தத் தலைமுறைதான் எனக்கு இதைச் சொன்னது. பக்கத்தில் புதுப் பாலம் வந்தது. போக்குவரத்து நன்றாயிற்று, களத்தடுப்பு நாசமாயிற்று.

நிலைப்பார்வைக்கு மட்டும் பள்ளிக்கூடம் இன்னும் திறந்திருக்கிறது. சுபஹுக்குப் பிறகு ஆற்றங்கரைக்குப் போங்கள். தோணியின் தலைப்பில் ஒருவர் வீச்சுவலையைத் தோளிலும் முழங்கையிலும் மடித்துப் போட்டுக்கொண்டு நிற்பார். பின்னால் ஒருவர் சத்தமில்லாமல் துடுப்புப் போடுவார். முன்னால் நிற்பவரின் கண் அங்குமிங்கும் ஓடாது. தண்ணீரில் ஓர் இடத்தில் விழுந்து அங்கேயே கிடக்கும். மூச்சு விட்ட மாதிரியும் இருக்காது. பிறகு உடம்பு திரும்பும், வலை வட்டமாக விரியும். திரளி கிடைக்கிறதோ இல்லையோ, வட்டம் பிழைக்காது. கனடாவில் ஜோன் விக்கர்ஸ் என்ற பேராசிரியை கூடைப்பந்து எறிபவர்களிடம் இதையேதான் கண்டு 1996 இல் எழுதினார். எறியக் கை எழும்ப முன்பே கெட்டிக்காரர்களின் கண் வளையத்தில் போய் உறைகிறது. மற்றவர்களைவிட நீண்ட நேரம் அங்கே இருக்கிறது. அதற்கு அமைதிக் கண் என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். நம் ஆள் பெயர் வைக்கவில்லை. “எங்க மாமா பாக்குறீங்க?” என்று கரையில் நின்று கேட்டேன். “பேசாம இரி மகன், மீன் கலையுது” என்றார். தோணிக்குத் துடுப்பு, கிரிக்கட்டுக்கும் துடுப்பு என்று பெயர் வைத்தவர் அந்தக் கரையில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

இத்தனையும் கற்றுக்கொண்டு போன வெள்ளிக்கிழமை இறங்கினேன். வெயில் முகத்தில் அடிக்காத முனை. நடுவர் கருநீலச் சாரம். மீன்பிடி மாமாவைப் போல மூச்சை அடக்கிக்கொண்டேன். கை சுழன்றது. என் கண் பந்தை விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, முந்திக்கொண்டு குத்தும் இடத்துக்குத் தாவியது. மூன்றாம் விக்கட்டுக்கு நேரே, ஒரு சிறு மண்கட்டிக்குப் பக்கத்தில், அசையாமல் காத்திருந்தேன். பந்து அங்கே வரவில்லை. அது என் காலடியில்தான் குத்தியது. யோர்க்கர்.

அடுத்த போட்டியிலிருந்து என்னை நடுவராக நிறுத்துவதென்று கழகத்தில் முடிவாகியிருக்கிறது. சாரத்தின் நிறம் பற்றிய விளக்கம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்பது காரணம். முதலில் பந்து வீசப்போகும் அணி ஒரு மஞ்சள் சாரம் வாங்கித் தருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறது.