ஒன்பது அங்குலம்

பதிவுத் தபால் என்றாலே எங்கள் வீட்டில் வயிற்றைக் கலக்கும். மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை அப்படி ஒன்று வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தால், பக்கத்து வீட்டுக்காரர். இருபது வருஷமாகக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கறிவேப்பிலை கொடுத்து வாங்கிய மனிதர், இப்போது வக்கீல் வாயால் பேசியிருந்தார். என் வீட்டு மாடி சன்ஷேடு அவருடைய இடத்துக்குள் ஒன்பது அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறதாம். சட்ட விரோதமாகவும், கெட்ட எண்ணத்துடனும், அவருடைய சொத்தை அபகரிக்கும் நோக்கத்துடனும் அதைக் கட்டினேனாம். 15 நாளில் இடிக்காவிட்டால் உறுத்துக்கட்டளை கேட்டு வழக்காம். இன்ஜங்ஷனுக்குத் தமிழில் அந்தப் பெயரை வைத்தவர் யாரோ, புண்ணியவான். ராத்திரி முழுக்க உறுத்தியது.

மனைவி இரண்டு தடவை படித்தாள். “கெட்ட எண்ணமா, உங்களுக்கா? அந்த சன்ஷேடு போடறப்ப கொத்தனார்கிட்ட நீங்க வாயே திறக்கலையே!”

வக்கீல் வைக்க வேண்டும் என்று முடிவானதும் என் கண் முன்னால் வந்து நின்றவர் பாரிஸ்டர் ரஜினிகாந்த். 1973-ல் வந்த ‘கௌரவம்’ படத்தில் சிவாஜி பைப்பும் கையுமாக நின்ற நாளிலிருந்து எனக்கு வக்கீல் என்றால் அந்த மிடுக்குதான். கொலைகாரனையே விடுதலை செய்து கூட்டிவந்த ஆளுக்கு ஒன்பது அங்குல சிமெண்டு எம்மாத்திரம்?

முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ரிடையரான என் மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

“பாரிஸ்டர்ங்கிறதெல்லாம் லண்டன்லடா. அங்க நாலு ‘இன்’ இருக்கு, அதுல ஒண்ணுல சேரணும். காந்தி படிச்ச காலத்துல பரீட்சை மட்டும் எழுதினாப் போதாது, டேர்முக்கு இத்தனை விருந்துன்னு கணக்கா உக்காந்து சாப்பிடவும் வேணும்.”

நான் பாஸ் பண்ணியிருக்கக்கூடிய ஒரே படிப்பு கை நழுவிப் போனதை அன்றைக்குத்தான் அறிந்தேன்.

“1891-ல பாரிஸ்டரானாரே, என்ன ஆச்சு? பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டுல மமிபாய்னு ஒரு அம்மாவுக்காக எழுந்து நின்னார். குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வி வரலை. உக்காந்துட்டார். வாங்கின 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் குடுத்துட்டு வெளியில வந்துட்டார்.”

லண்டனில் கட்சிக்காரன் சொலிசிட்டரிடம் போவான், சொலிசிட்டர் தோதான பாரிஸ்டரைப் பிடித்துக் கொடுப்பார், அதுதான் காலங்காலமான வழக்கம் என்றார் மாமா. இங்கே 1961-ல் அட்வகேட்ஸ் ஆக்ட் வந்து பாரிஸ்டர், வக்கீல், பிளீடர் எல்லாரையும் அட்வகேட் என்று ஒரே பந்தியில் உட்கார வைத்துவிட்டது. “அதனால உனக்கு ஆள் பிடிச்சுக் குடுக்க நடுவுல யாரும் கிடையாது. நீயேதான் அலையணும்.”

அலைந்தேன். பல் டாக்டர் என்றால் ஆள் உயரத்துக்குப் பல்லை வரைந்து வாசலில் மாட்டியிருப்பார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். வக்கீலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பெயர்ப்பலகைகூட அளவாக இருக்க வேண்டும், இன்ன வகைக் கேஸில் கெட்டிக்காரர் என்று அதில் போடக்கூடாது. கோர்ட் தெருவில் வரிசையாக நாற்பது பலகை இருந்தால் நாற்பதிலும் பெயர், படிப்பு, அட்வகேட். இதில் சன்ஷேடு வக்கீலை எங்கே தேடுவது?

ஆகவே டீக்கடைதான். ஆனால் வக்கீலைச் சிபாரிசு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. நல்ல டாக்டர் என்று சொல்கிறவன் குணமாகி எதிரே நிற்பான். நல்ல வக்கீல் என்று சொல்கிறவனோ, வாய்தாவுக்குப் போகிற வழியில் டீ குடிக்க நின்றவனாக இருக்கிறான். “தங்கமான மனுஷன் சார். பாகப்பிரிவினை கேஸு. பதினாலு வருஷமா நமக்கு அவர்தான்.” அவர் முகத்தில் இருந்த திருப்தியைப் பார்த்து எனக்குக் குலை நடுங்கியது.

இன்னொருவர் காதோடு சொன்னார்: “நம்ம ஆளுக்கு ஃபீஸே வேணாம். ஜெயிச்சா ஒரு பங்கு குடுத்தாப் போதும்.” அப்படி ஒப்பந்தம் பேசுவது தொழில் விதிப்படி கூடாது என்பது பிறகு தெரிந்தது. விதி இல்லாவிட்டாலும், ஒன்பது அங்குலத்தில் மூன்று அங்குலத்தை அவருக்கு எப்படிப் பெயர்த்துக் கொடுப்பது?

சென்னையிலிருந்து மைத்துனன் போன் செய்தான். “ஹைகோர்ட் சீனியர் ஒருத்தரை வச்சு அடிச்சிடலாம் அத்தான்.” விசாரித்தால், சீனியர் அட்வகேட் என்று கோர்ட் பட்டம் கொடுத்தவர் வக்காலத்தில் கையெழுத்துப் போடக்கூடாது, கட்சிக்காரனிடம் நேராகக் கதை கேட்கவும் கூடாது. இன்னொரு அட்வகேட் மூலமாகத்தான் எல்லாம். மாமா சொன்ன லண்டன் ஏற்பாடு கொல்லைப்புறமாக உள்ளே வந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் ஃபீஸ் கொடுக்கிற காசில் பக்கத்து வீட்டையே விலை பேசலாம்.

முதலில் நான் போய்ப் பார்த்த வக்கீல், உட்காருவதற்கு முன்பே, “நூத்துக்கு நூறு நம்ம பக்கம்” என்றார். நோட்டீஸ் அப்போது என் பையிலேயே இருந்தது.

இரண்டாவது ஆளை ஊரே கொண்டாடியது. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் திண்ணை முழுக்கச் செருப்பு. எட்டரைக்குக் கூப்பிட்டார்கள். ஃபேனுக்குப் படபடக்கும் கேஸ் கட்டுகள், சுவர் முழுக்கச் சட்டப் புத்தகம், மூலையில் ஒரு ஜூனியர் பையன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். இப்படி யாராவது கேட்டால் மனிதனுக்கு வாய் நிற்குமா? கொத்தனார் கதையிலிருந்து பிளான் அப்ரூவல் வாங்காத கதை வரைக்கும் கொட்டினேன். அந்தக் கடைசிக் கதை என் மனைவிக்கே தெரியாது.

“நோட்டீஸைக் குடுங்க,” என்றார். முதல் பக்கத்தை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பக்கத்தின் ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்தார். பிறகு மூலையைப் பார்த்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

வசவுகளைப் படித்த ஆத்திரத்தில் நான் விலாசத்தைப் படிக்கவில்லை.

“சார், இனி ஒரு வார்த்தை பேசாதீங்க. இது எங்க ஆபீஸ் நோட்டீஸ். நீங்க சொன்னது இந்த ரூமை விட்டு வெளியில போகாது. இன்னொருத்தரைப் பாருங்க.” வாசல் வரை வந்து வழியனுப்பினார். அதுவரை பார்த்ததில் நம்பிக்கையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான், அவரும் அந்தப் பக்கம்!

கடைசியில் கோர்ட் எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரு அம்மாவிடம் போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை விவரமாக, முதலில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொன்னேன். அந்தம்மா டைரியைப் புரட்டிவிட்டு, “நம்மகிட்ட வரலை, சொல்லுங்க” என்றார். நான் தொண்டையைக் கனைத்து, “கறிவேப்பிலை...” என்று தொடங்கினேன்.

“மூலப்பத்திரம் எங்க?”

பத்திரம் பாங்கில். பட்டா? வீட்டில். சர்வே ஸ்கெட்ச்? முழித்தேன். சன்ஷேடு போட்டோ? அது இருக்கிறதே என்று போனைக் காட்டினேன். அதில் சன்ஷேடு கொஞ்சமும், கீழே நின்ற என் பேத்தி நிறையவும் தெரிந்தார்கள்.

“ஒன்பது அங்குலம்னு சொல்றாங்களே, நீங்க அளந்தீங்களா?”

பத்து நாள், மூன்று வக்கீல், எண்ணற்ற டீ. அளக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

நானோ வக்காலத்தில் கையெழுத்துப் போட்டே தீருவது என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். “அதெல்லாம் கேஸ் வந்தாத்தான். இப்போ பதில் நோட்டீஸ் மட்டும்,” என்றார். அதற்கு இவ்வளவு, வழக்கு வந்தால் இவ்வளவு, டைப்பிங், ஸ்டாம்பு தனி என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். ஜெயிப்போமா என்று கேட்டேன். “பத்திரத்தைப் பார்க்காம நான் எதுவும் சொல்றதில்லை. நடுவுல என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, கட்டைக் குடுத்துடறேன். ஆட்சேபம் இல்லைன்னு எழுதியும் தர்றேன்.” கல்யாணத்துக்கு முன்பே விவாகரத்துக்கு வழி சொன்ன அந்தப் பேச்சு எனக்கு ஏனோ பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய குமாஸ்தா ஏணியும் டேப்புமாக வந்தார். அறுபது வயசு இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி ஏறி அளந்தார், இறங்கினார், ஸ்கெட்சை விரித்துப் பார்த்தார், மறுபடி ஏறினார்.

“சார், ஒன்பது இல்லை.”

“பார்த்தீங்களா! நான் அப்பவே...”

“பதினொண்ணு.”

மனைவி அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள், எனக்குக் கொண்டுவரவில்லை. அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே சந்தின் மறுபக்கத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே பக்கத்து வீட்டுக்காரரின் ஏசி வெளிப்பெட்டி இரும்புத் தாங்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. டம்ளரை வைத்துவிட்டு ஏணியை அந்தப் பக்கம் நகர்த்தினார்.

“இது நம்ம பக்கம் பதினாலு அங்குலம் வருது சார்.”

இரண்டையும் கேட்டுக்கொண்ட அந்தம்மா சிரிக்கவில்லை. “ஒன்பதுங்கிறது அவங்க கணக்கு. அதை நாம திருத்த வேண்டாம். ஏசியை மட்டும் எழுதுவோம்.” ஒரே பக்கத்தில் பதில் போயிற்று. அபகரிக்கும் நோக்கம், கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை. அந்த இரண்டையுமாவது சேர்க்கலாமே என்று கெஞ்சினேன், மறுத்துவிட்டார்.

நாலாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனேன். மாடி ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டி, மனைவி வேட்டியைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டுக்காரர் தன் ஏசிப் பெட்டியை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.